மிட்டாய் மருந்து

ஜனவரி 11

இந்த டைரி என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அச்சாபீசில் கழித்துப் போட்டது. கிழமை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டதாம். இன்று திங்கள், இதில் ஞாயிறு என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்கு எது வந்தாலும் இப்படித்தான் வரும். சிவகாசியில் மற்ற வீட்டுப் பெண்கள் இந்த மாதிரி டைரியில் கோலம் போட்டுப் பழகுகிறார்கள். நான் வயிற்றெரிச்சலை எழுதப்போகிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் ஏழு நாள் இருந்துவிட்டு இன்று மதியம் வந்து சேர்ந்தோம். மகள் தர்ஷிகாவுக்கு ஆறு வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு, வெட்டு வெட்டாக வருகிறது. உட்கார்ந்திருக்கும்போதே தலை தொங்கி, முகம் போய்த் தரையில் மோதும். ஒரு நாளைக்கு முப்பது தடவை, நாற்பது தடவை. நெற்றியில் மட்டும் மூன்று தையல் தழும்பு. நாலு விதமான மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியாக இந்தக் கொழுப்புச் சாப்பாட்டைச் சொல்லியிருக்கிறார் டாக்டர். சோறு, இட்லி, பழம், சீனி எதுவும் ஆகாது. வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாலாடை, முட்டை. அதையும் சின்னத் தராசில் கிராம் கிராமாக நிறுத்துக் கொடுக்க வேண்டும். உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பித்தால் மூளை அடங்குமாம். எரிகிறதா என்று பார்க்க, மூத்திரத்தில் ஒரு பட்டையை முக்கி எடுக்க வேண்டும். கத்தரிப்பூ நிறம் வந்தால் சரி. வெளுத்திருந்தால் எங்கோ தப்பு.

சாப்பாட்டுக்குப் பொறுப்பு ஜெஸிந்தா மேடம். கட்டம் போட்ட அட்டவணை ஒன்று கொடுத்து, கொடுத்ததுக்கெல்லாம் டிக் போடச் சொல்லியிருக்கிறார். “சிரப்னா உள்ள சீனி இருக்கும்மா. காய்ச்சலோ சளியோ, இனிமே எல்லாமே மாத்திரைதான்” என்றார். தலையை ஆட்டினேன். அரை மணி நேரம் கழித்து அவரே ஒரு சிரப் எழுதிக் கொடுக்கிறார்! “இது கிட்னிக்கு. காலைல அஞ்சு மில்லி, சாயங்காலம் அஞ்சு மில்லி.” வெளியே பதினைந்து பேர் பிள்ளைகளோடு காத்திருந்தார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜனவரி 14

பொங்கல். தெருவே வெல்லமும் நெய்யுமாக மணக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டு முப்பது கிராம் வெண்ணெயில் முட்டையைப் பொரித்துக் கொடுத்தேன். பொங்கலாவது மண்ணாங்கட்டியாவது.

ஜனவரி 20

காலையில் கொடுத்தது அத்தனையும் வாந்தி. எட்டு நாளாக வெளிக்கிப் போகவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது. வயிறு இளகுகிற மாத்திரையைப் பின்பக்கம் உள்ளே வைத்து, கத்தக் கத்தக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “நீ கெட்ட அம்மா” என்றாள். வெட்டு மட்டும் குறைந்தபாடில்லை. இன்று இருபத்தாறு.

இந்த நேரம் பார்த்து வசந்தா மதினி வந்தாள். இவருடைய அக்கா, அடுத்த தெரு. சேவுக் கடையில் கருப்பட்டி மிட்டாய் பொட்டலம் போடுகிற வேலை. நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் அவள் கையில் அந்த வாசம் போகாது.

“ஏத்தா செல்வி, பச்சப்புள்ளைக்கு எண்ணெயும் வெண்ணெயுமா ஊட்டுனா வாந்திதான் எடுக்கும். ஒரு வாய் ரசஞ்சோறு குடுத்தா குடியா முழுகிரும்?”

“முழுகும். உங்க குடி இல்ல, எங்குடி” என்றேன்.

முகம் சுண்டிப் போய்விட்டாள். போகட்டும். ஊரில் ஆளாளுக்கு டாக்டர்.

ஜனவரி 28

மாத்திரை என்றால் வீட்டைச் சுற்றி ஓடுகிற பிள்ளை, அந்தச் சிரப்புக்கு மட்டும் தானே வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். “மிட்டாய் மருந்து குடும்மா” என்கிறாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தேன். முதலில் புளிப்பு, பிறகு நல்ல இனிப்பு. பாட்டிலில் எறும்புத்தலை அளவு எழுத்தில் என்னென்னவோ இங்கிலீஷில் அச்சடித்திருக்கிறான். எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஆறாவது தடவை ஒரு நர்ஸ் எடுத்தாள். “எழுதிக் குடுத்தத குடுங்கம்மா. டாக்டர விட உங்களுக்குத் தெரியுமா?” என்று சொல்லி டொக்கென்று வைத்துவிட்டாள். தெரியாது, தாயே! தெரியாததால்தானே கேட்கிறேன்?

பிப்ரவரி 2

சாயங்காலம் பட்டை வெள்ளையாக வந்தது. மூன்று வாரமாக வாந்தியும் அழுகையுமாக ஏற்றி வைத்தது ஒரே நாளில் போச்சு. இன்று முப்பத்தொரு வெட்டு.

மத்தியானம் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது மதினி உள்ளே உட்கார்ந்திருந்தாள். தர்ஷி அவள் உள்ளங்கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் வெடுக்கென்று விலகினார்கள். அப்போது எனக்கு உறைக்கவில்லை. பட்டையைப் பார்த்ததும் உறைத்தது. நேரே அடுத்த தெருவுக்குப் போனேன். வாசலில் நின்று கேட்டேன்.

“எம்பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கலத்தா. எங்கம்மா மேல சத்தியமா.”

“செத்துப்போனவங்க மேல சத்தியம் பண்றது சுலுவுதான். இனிமே என் வாசப்படி மிதிச்சீங்க, நான் மனுசியா இருக்க மாட்டேன்.”

தெருவே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜென்மங்களை வேறு எப்படிப் பேசுவது?

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரப்பையும் எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். தர்ஷி வந்து கேட்டாள். தீர்ந்துபோச்சு என்றேன்.

பிப்ரவரி 5

பட்டை கத்தரிப்பூ நிறம். நான் நினைத்தது சரிதான்.

அட்டவணையில் சிரப்புக் கட்டம் மட்டும் மூன்று நாளாகக் காலி. காலியாக விட்டால் ஜெஸிந்தா மேடம் குடைவார், நான் நின்று பதில் சொல்ல வேண்டும். டிக் போட என்ன, பேனாவா தேயப்போகிறது? போட்டேன்.

பிப்ரவரி 23

இன்று ஒன்றுகூட இல்லை.

பிப்ரவரி 24

இன்றும் இல்லை. நம்பாமல் நாள் முழுக்க அவள் பின்னாலேயே அலைந்தேன். “ஏம்மா என்னையவே பாக்குற?” என்று கேட்டாள். மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு நீளமாக ஒரு கேள்வி கேட்டதில்லை. அடுப்படிக்குப் போய் அழுதேன். முட்டை கருகிப்போனது. மறுபடி நிறுத்துப் பொரித்தேன்.

மார்ச் 9

பதினைந்து நாளாக வெட்டு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் இவருக்கு வாய் திறந்துகொண்டது.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, “செல்வி, ஒண்ணு சொல்வேன், கோவிக்கக் கூடாது” என்றார். அப்படி ஆரம்பித்தாலே கோபிக்கிற விஷயம்தான். “அன்னிக்குப் பட்டை வெளுத்துச்சுல்ல, அது அக்கா இல்ல. காலைல நீ குளிக்கப் போயிருந்தப்ப நாந்தான் ரெண்டு வாய் தயிர்சோறு ஊட்டிவிட்டேன். பிள்ள கேட்டுச்சு, மனசு கேக்கல.”

வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்பனா நீ, எமனா என்று கேட்டேன். மனசு கேட்கவில்லையாம்! எனக்கு மட்டும் மனசுக்குப் பதில் அம்மிக்கல்லா இருக்கிறது? தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து இன்னும் எரிந்தது. இந்த வாரம் முழுக்க அவரோடு பேசுவதாக இல்லை.

மதினியைப் போய்ப் பார்க்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம்.

சிரப்பும் அன்றைக்குத்தான் நிறுத்தினேன் என்பது ஞாபகம் வந்தது. அது வேறு, இது வேறு. சிரப் இல்லாமல்தானே இப்போது நன்றாக இருக்கிறாள். நன்றாக இருப்பதைக் கிண்டிக் கெடுக்க நான் தயாராக இல்லை.

மார்ச் 10

மதினி வீடு பூட்டியிருந்தது. வேலைக்குப் போயிருப்பாள்.

ஏப்ரல் 17

மதுரை. இந்தச் சாப்பாடு சாப்பிடும் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம். ஒரு பிள்ளைக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறிவிட்டது. இன்னொரு பிள்ளை ஒரு வருடமாக வளரவே இல்லை. ஒருத்தி, மகன் தராசைத் தூக்கி எறிந்து உடைத்துவிட்டான் என்று சொல்லிச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜெஸிந்தா மேடம் என் அட்டவணையை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டினார். “முத்துச்செல்வி எழுதியிருக்கறதப் பாருங்க. ஒரு கட்டம் காலியில்ல. இப்படி இருந்தா ஏன் பலிக்காது?” எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அந்த ஹாலில் ஒரே புழுக்கம். மின்விசிறி ஒன்றுகூட ஒழுங்காகச் சுற்றவில்லை. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, ஒரு நல்ல மின்விசிறி மாட்ட வக்கில்லை.

மே 12

போன வருடம் தைத்த பாவாடை இந்த வருடமும் சரியாக இருக்கிறது. ஒரு விரற்கடை வளரவில்லை. ஆனால் வெட்டு இல்லை. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இவர் வழக்கம்போல மருந்துக் கடையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வந்தார். “அந்தக் கிட்னி மருந்தும் தீந்திருக்குமேன்னு வாங்கிட்டேன்” என்றார். அவர் கைகால் கழுவப் போனதும் தர்ஷி எட்டிப் பார்த்தாள். “மிட்டாய் மருந்தாம்மா?”

“இல்ல, இது அப்பாவுக்கு.”

பரணில் வைத்தேன். அங்கே இத்தோடு ஐந்து.

தண்ணீர் குடி குடி என்றால் குடிப்பதில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஜூன் 10

காலையில் மூத்திரம் போகும்போது “எரியுதும்மா” என்று கத்தினாள். பட்டையை முக்க எடுத்த டப்பாவில் பார்த்தேன். பீட்ரூட் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. பீட்ரூட் இந்த வீட்டுக்குள் வந்து ஐந்து மாதம் ஆகிறது.

வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று எல்லோரையும் கேட்டுவிட்டேன். இவரைக் கேட்டேன். பக்கத்து வீட்டைக் கேட்டேன். யாரும் இல்லை.

ஜூன் 11

ஸ்கேனில் வலது கிட்னியில் இரண்டு கல்.

டாக்டர் படத்தைப் பார்த்தார், அட்டவணையைப் பார்த்தார். இந்தச் சாப்பாட்டில் கல் உண்டாக வாய்ப்பு அதிகமாம். அதைத் தடுக்கத்தான் அந்தச் சிரப்பாம். “மருந்து ஒரு வேளை விடாமக் குடுத்துமா கல்லு?” என்று ஜெஸிந்தா மேடத்தைக் கேட்டார்.

“செல்வி மாதிரி குடுத்தவங்க கிடையாது சார்” என்றார் அந்தம்மா.

“அப்ப இந்தப் பிள்ளை உடம்புக்கு இது ஒத்துக்கலன்னுதான் அர்த்தம். மருந்தையும் மீறிக் கல்லு வருதுன்னா தொடர முடியாது. கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திரலாம்.”

“நிறுத்துனா?” என்று இவர் கேட்டார்.

“வெட்டு திரும்ப வரலாம். கிட்னியையும் பாக்கணும்ல?”

அப்போது தர்ஷி என் மடியிலிருந்து சொன்னாள். “எனக்கு மிட்டாய் மருந்து தீந்துபோச்சு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “முந்தாநேத்துதான் சார் பாட்டில் தீந்துச்சு, அதச் சொல்றா” என்றேன். அவ்வளவு சரளமாக வந்தது. எல்லோரும் நம்பினார்கள். பஸ்ஸில் வரும்போது இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன்னால ஆனதெல்லாம் நீ செஞ்சுட்ட” என்றார். கையை உதறிவிட்டேன்.

ஜூன் 12

எல்லார் மேலும் எரிகிறது. போனை வைத்த நர்ஸ் மேல், டாக்டர் மேல், எறும்புத்தலை எழுத்து அச்சடித்தவன் மேல். இவ்வளவுதான் இன்று.

ஜூன் 18

வெண்ணெயைக் குறைத்துக் கால் இட்லி சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு இட்லி. கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். நான் பார்க்க மாட்டாமல் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 24

காலை எட்டு மணிக்கு, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, குழாயில் முகம் மோதி விழுந்தாள். கீழுதடு கிழிந்துவிட்டது. நூற்றி இருபத்தொரு நாள் கழித்து முதல் வெட்டு. மத்தியானத்துக்குள் மூன்று.

இரத்தத்தைத் துடைத்துவிட்டபோது அவள் அழவில்லை. “திரும்ப வந்துருச்சாம்மா?” என்றுதான் கேட்டாள். விருந்தாளி வந்ததைக் கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

சாயங்காலம் இவர் வந்ததும் நாற்காலியைப் போட்டுப் பரணிலிருந்து ஐந்து பாட்டிலையும் இறக்கி அவர் முன்னால் வைத்தேன். ஒன்று பாதி. நாலு சீல் உடைக்காதது.

“இது என்ன?”

“குடுக்கல. பிப்ரவரியிலருந்து குடுக்கல. டிக் மட்டும் போட்டேன்.”

அவர் கத்தியிருக்கலாம். ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்த்தார். “ரெண்டு வாய் சோத்துக்கு என்னய ஒரு வாரம் தாளிச்சியேடி” என்றார். சட்டையைக் கழற்றாமல் அப்படியே படுத்துக்கொண்டார்.

ஊரில் உள்ளவர்களையெல்லாம் இத்தனை பக்கத்தில் திட்டியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். திட்ட வேண்டியவள் பெயர் எங்கேயும் இல்லை. எழுதுகிறேன்: முத்துச்செல்வி.

ஜூன் 25

ஒயர்க் கூடையில் ஐந்து பாட்டில். மதுரை வரை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

ஜெஸிந்தா மேடம் மேசையில் வரிசையாக வைத்து, நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் வந்துவிடுவேன் என்று பயம். அந்தம்மா முகம் சிவந்துவிட்டது.

“இந்த சார்ட்டைக் காட்டி எத்தன பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன் தெரியுமா? எம்மூஞ்சில கரியப் பூசிட்டீங்களே! உங்க பிள்ளைய விடுங்க, மத்த பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

“பூசுனதுதான். தப்புதான். ஆனா சிரப்னா சீனின்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? அடுத்த அரை மணில சிரப் குடுத்தீங்க. இதுல சீனி இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் ஏன் பரண்ல வைக்கிறேன்?”

அவர் பாட்டிலைத் திருப்பி அந்த எறும்புத்தலை எழுத்தைப் பார்த்தார். சீனி இல்லாததுதான். இனிப்புக்கு வேறு என்னவோ சேர்த்திருக்கிறார்களாம், அது ஒன்றும் செய்யாதாம்.

“சொல்லிருக்கணும்” என்றார்.

டாக்டர் சத்தம் போடவில்லை. “வேற எந்தக் கட்டத்துல பொய் டிக் இருக்கு?” என்று மட்டும் கேட்டார். வேறெதிலும் இல்லை என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. நம்புங்கள் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நாளையிலிருந்து மறுபடி முழுக் கொழுப்புச் சாப்பாடு, சிரப், வேளாவேளைக்குத் தண்ணீர். ஒரு மாதம் கழித்து ஸ்கேன். கல் கரைந்தால் தொடரலாம். பெரிதானால் நிறுத்தத்தான் வேண்டும். “அப்ப எங்கிட்ட வந்து அழக்கூடாது” என்றார்.

ஜூன் 26

காலையில் மதினி வீட்டுக்குப் போனேன். அதே வாசலில் நின்றேன். அன்றைக்கு வேடிக்கை பார்த்த பக்கத்து வீட்டுக்காரி இன்றும் எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். “மதினி, நீங்க ஒண்ணும் குடுக்கல. நாந்தான் அபாண்டமாப் பேசிட்டேன். மூணு மாசமாத் தெரியும். தெரிஞ்சும் வரல.”

மதினி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “அன்னிக்கு அது கேட்டுச்சுத்தா. ‘அத்தை, மிட்டாய் வேண்டாம், கைய மட்டும் குடு, மோந்து பாத்துக்கிறேன்’னு. குடுத்தேன். அதுவும் தப்போன்னு இத்தன நாளா நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்.”

மிட்டாய் மணக்கும் அந்தக் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்து வந்தேன்.

தர்ஷி உதட்டு வீக்கத்தோடு உட்கார்ந்திருந்தாள். காலையில் ஒரு வெட்டு வந்து போயிருந்தது. ஐந்து மில்லியை மூடியில் அளந்து நீட்டினேன். வாசம் பட்டதுமே கண் விரிந்தது.

“மிட்டாய் மருந்து!”

ஒரே மடக்கில் குடித்தாள். மூடிக்குள் நாக்கை விட்டுத் துடைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“தீந்துபோச்சுன்னு சொன்னியேம்மா?”

மதினி என் முகத்தைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்கென்று விட்டு வைத்திருந்த ஒரே ஒரு இனிப்பு. அதை ஐந்து மாதம் பரணில் ஏற்றி வைத்தவள் நான்.

“தீரல தாயி. அம்மா பொய் சொல்லிட்டேன்.”

யோசித்தாள். “நாளைக்கும் உண்டா?”

“உண்டு. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

அட்டவணையை எடுத்து டிக் போடப் போனேன். “நான் போடுறேன்” என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கோணலாக, கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குள் வால் நீளும்படி போட்டாள். இனிமேல் அந்தக் கட்டத்தில் அவள்தான் போடுவாள்.